நாற்பது பக்க நோட்டு

சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது டொராண்டோவில் விடியற்காலை மூன்று மணி. எந்த சார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டை பாசஞ்சர் எவ்வளவு லேட்டாக வந்தாலும், அதில் வருகிற நமக்கு முன்னால் வாசலில் நிற்பாரே, அவர்தான். நம் பழைய மாணவர் மலருக்கு விளையாட்டு விழாவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த மலருக்கு இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரைப் போட்டி. கல்லிடைக்குறிச்சியில் என்னென்ன இல்லை என்று 17 குறைகளை எழுதி, கலெக்டருக்குக் கொடுக்கிற மனு மாதிரி வாசித்தேன். நல்ல கைதட்டல். சார் மட்டும் தட்டவில்லை.

"இல்லாததையெல்லாம் எழுதிட்டே. இருக்கதை எவம்லே எழுதுவான்? உங்க அம்மைக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார்."

"அப்போ உன் தூக்குச்சட்டியில இருந்த அப்பளம் வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. (சிரித்தவர்களில் இரண்டு பேர் இந்த மலர்க் குழுவில் இருக்கிறார்கள்.) அம்மா கூலிக்கு அப்பளம் இடுவதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதோடு விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்து, வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதி வரச் சொன்னார். மூன்று சனிக்கிழமைகள் அழாத குறையாக அலைந்தேன். பத்தமடையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்திக்குக் கோரை கிழிக்கவும் பாய் நெய்யவும் தெரியும். காருகுறிச்சிக்காரர் ஒருவர் பானை வனைவார். ரிட்டயர்டான ரயில்வே கேங்மேன் பம்புசெட் பிரித்து மாட்டுவார். பூ விற்கும் ஆச்சி சீட்டு நடத்தினாள், வட்டிக் கணக்கெல்லாம் மனசிலேயே. என் அம்மா, மாவைத் தொட்டுப் பார்த்தே அப்பளக்காரம் கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சார் செய்தது ஒன்றுதான்: நோட்டின் இரண்டு பக்கங்களைச் சேர்த்துவிட்டார். ஆச்சியின் சீட்டில் முதல் ஏலத்தை ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்து, ஒரு மூட்டை உளுந்து வாங்கினார்கள். அதன் பிறகு அம்மா கூலிக்கு அப்பளம் இடவில்லை. அந்த வருமானத்தில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன், ஊரை விட்டும் போனேன்.

இங்கே ஒரு சமூக சேவை நிலையத்தில் வேலை. சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்நைட், ஜான் கிரெட்ஸ்மன் என்று இரண்டு பேர் 1993-இல் எழுதி வைத்த வழியாம். ஒரு பேட்டையின் குறைகளை மட்டும் வரைபடமாக்கினால் அங்குள்ளவர்கள் வெறும் பயனாளிகளாகிவிடுவார்கள். ஆளுக்குள்ள திறமை, சங்கங்கள், நிறுவனங்கள், நிலம் என்று இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மறுநாள் சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியையைப் பற்றிச் சொன்னார்கள். தேர்ந்த தொழில்முனைவோர் இலக்கை வைத்துக்கொண்டு அதற்கு வேண்டியதைத் தேடுவதில்லை; நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று 2001-இல் எழுதியவர். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் பூக்கார ஆச்சியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, கற்றதைச் செய்தேனா என்றால், இல்லை. நிதி கேட்கும் விண்ணப்பம் எழுதுவது என் வேலை. இந்தப் பேட்டையில் எத்தனை பேருக்கு வேலை இல்லை, எத்தனை பேருக்கு மொழி தெரியவில்லை என்று எவ்வளவு இருட்டாக எழுதுகிறேனோ அவ்வளவு பணம் வரும். இத்தனை வருஷமாக அதே 17 குறைகள்தான், ஊர் மட்டும் வேறு. சாரிடம் இதைச் சொன்னதில்லை. லீவில் போகும்போதெல்லாம், "அங்க என்னலே செய்யுத?" என்பார். "ஆபீஸ் வேலை சார்" என்பேன்.

போன வாரம் சாருடைய மகன் அந்த நோட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் சார் தம் கையெழுத்தில் நம் வகுப்புப் பையன்களின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார். ஆற்று நீச்சல், மாடு பழக்குவான், வில்லுப்பாட்டு என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஏதோ ஒன்று. பாதிப் பேர் இன்று துபாய், சிங்கப்பூர், சிட்னி.

என் பெயருக்கு எதிரில் சிவப்பு மையில்: 'மனு எழுத வரும்.'