ஸ்பிண்டில் நிற்கும்போதா, ஓடும்போதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் எனக்குப் போன் அடித்தால் முதல் பேச்சு அநேகமாக இதுதான்: "அண்ணே, ட்ரைவ் போயிருச்சு. புதுசு எவ்ளோ வரும்?" ட்ரைவ் என்பது மோட்டாரின் வேகத்தை ஆளும் மின்பெட்டி. நான் விலை சொல்வதில்லை. அலாரம் எப்போது வருகிறது என்று கேட்பேன். ஸ்பிண்டில், அதாவது உருப்படியைச் சுழற்றும் தண்டு, கிளம்பும்போதா, ஒரே வேகத்தில் ஓடும்போதா, நிறுத்தும்போதா? இதற்குச் சரியான பதில் வந்துவிட்டால் பாதி வேலை போனிலேயே முடிந்த மாதிரி. ட்ரைவ் கூச்சல் போடும் ஆள், அவ்வளவுதான். அடித்தவன் பெரும்பாலும் வேறு எங்கோ நிற்பான்.

போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு லேத்தையே சொல்கிறேன். கைமாறி வந்த சி.என்.சி. லேத் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்), 11 கிலோவாட் ஸ்பிண்டில் மோட்டார், அதை ஓட்ட ஓர் இன்வெர்ட்டர், அதுதான் ட்ரைவ். செம்பனை ஆலைக்கு ஷாப்ட், புஷ் கடைந்து கொடுப்பதுதான் அந்தப் பட்டறையின் சோறு. ஓவர்வோல்டேஜ் அலாரம் வந்து நின்றுகொண்டே இருந்தது. "கரண்டு ஏறி ஏறி வருதுலா, இடி வேற இந்தப் பக்கம்," என்றார் முதலாளி. ட்ரைவ் விற்பவர் ஒருவர் அதற்குள் புதுசுக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

லேத் ஓட்டும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மெஷினைப் பற்றி முதலாளிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்; யாரும் அவனைக் கேட்பதில்லை. "சின்ன சாமான்னா ஒண்ணும் இல்லண்ணே. ஆலை ஷாப்ட் மாட்டி, ஸ்பீடா ஓட்டிட்டு நிறுத்துனா அப்பதான் அடிக்குது. மெதுவா ஓட்டுனா அதுவும் வராது."

கரண்டு ஏறி வந்தால் மெஷின் சும்மா நிற்கும்போதும் அடிக்க வேண்டும். நிறுத்தும்போது மட்டும் என்றால் கதை வேறு. 400 வோல்ட் மூன்று பேஸ் உள்ளே போய் டி.சி. ஆகும்போது சுமார் 565 வோல்ட்டில் நிற்கும். சுற்றிக்கொண்டிருக்கும் ஷாப்ட்டையும் அதைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கையும் ட்ரைவ் பிடித்து நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தச் சக்தியைத் திருப்பி டி.சி. பக்கம் தள்ளுகிறது. வோல்ட் ஏறும். 800 பக்கம் போனால் ட்ரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ட்ரிப் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சக்தி நான்கு மடங்கு. மெதுவாக ஓட்டினால் வராது என்று தம்பி சொன்னது அதனால்தான். இப்படி வரும் சக்தியை எரித்துத் தீர்க்கத்தான் பிரேக் ரெசிஸ்டர் இருக்கிறது.

எதையும் கழற்றாமல் ஒரு சோதனை செய்தேன். நிறுத்தும் நேரத்தை 3 வினாடியிலிருந்து 15-க்கு ஏற்றினேன். அதே ஷாப்ட், அதே வேகம். ஸ்பிண்டில் சோம்பேறித்தனமாக நின்றது, அலாரம் வரவில்லை. ட்ரைவ் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே போதும். முதலாளி உடனே, "இப்படியே விட்டுரலாமே" என்றார். ஒவ்வொரு உருப்படிக்கும் இத்தனை வினாடி காத்திருந்தால் மாசக் கடைசியில் கணக்கு எப்படி வரும் என்று கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டார்.

ரெசிஸ்டர் பெட்டி மெஷினுக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. எண்ணெய்ப் புகையும் வார்ப்பிரும்புத் தூசியும் கலந்து மேலெல்லாம் கறுப்புக் களிம்பு. மெயினை அணைத்து, ட்ரைவுக்குள் வோல்ட் மிச்சம் இருப்பதைக் காட்டும் சார்ஜ் விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் பொறுத்து, டி.சி. முனைகளில் மீட்டர் வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கை வைத்தேன். விளக்கை மட்டும் நம்பிக் கை வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தகட்டில் 60 ஓம் என்று இருந்தது. வயரைக் கழற்றி அளந்தால் மீட்டர் ஓ.எல். காட்டியது, அதாவது உள்ளே அறுந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் கம்பி முனையில் கருகி விட்டுப் போயிருந்தது.

புது ரெசிஸ்டரை ஈப்போவில் வாங்கி வந்தோம். மாட்டியதோடு நான் கிளம்பவில்லை. ரெசிஸ்டரைச் சேர்த்து விலக்கும் ஸ்விட்சாக ட்ரைவுக்குள் இருக்கும் பிரேக் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் ரெசிஸ்டர் எந்நேரமும் கரண்டில் கிடந்து, புதுசும் எரிந்து போகும். அதனால் பவர் கொடுத்து, ஸ்பிண்டில் நிற்கும் நிலையில் ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கும் இடையே அளந்தேன். ஒன்றும் இல்லை. நிறுத்தும் நேரத்தை மறுபடி 3-க்கு இறக்கி, பெரிய ஷாப்ட்டோடு ஓட்டிக் காட்டச் சொன்னேன். தம்பி வேண்டுமென்றே முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தினான். அடிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பேனல் சூடாகிறது என்று கதவைத் திறந்துபோட்டு, எதிரே ஸ்டாண்டு பேன் வைக்கும் பழக்கம் எத்தனை பட்டறையில்! அந்தப் பேன் காற்றை மட்டுமா அனுப்புகிறது? இரும்புத் தூசி, கூலன்ட் ஈரம், பல்லி எல்லாம் சேர்ந்து உள்ளே போகும். ட்ரைவ் போர்டில் கருகி ஒட்டிக் கிடக்கும் பல்லியைச் சுரண்டி எடுத்த கை இது. பேனலின் சொந்த விசிறியும் வடிகட்டியும் சுத்தமாக இருந்தாலே பாதிச் சூடு குறையும்.

கிளம்பும்போது ஓவர்கரண்ட் வந்தால் சக் இறுகியிருக்கிறதா, பேரிங் பிடிக்கிறதா என்று முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். வேகம் ஒத்துப்போகவில்லை என்ற அலாரம் என்றால் பெல்ட், அடுத்து வேகத்தை அளந்து சொல்லும் என்கோடரின் கேபிள். அந்த பிளக்குக்குள் கூலன்ட் தேங்குவது சாதாரணம்.

ராத்திரி மழை, காலையில் எர்த் பால்ட் அலாரம் (கரண்டு பூமிக்குக் கசிகிறது என்று அர்த்தம்), மத்தியானம் தானாகச் சரியாகிவிடும் என்ற புகாரும் நிறைய வருகிறது. அது ஈரம். மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள், கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்கும் கிளாண்டு அநேகமாக உடைந்திருக்கும். மோட்டாரை, இன்சுலேஷன் பார்க்கும் 500 வோல்ட் மெக்கரில் அளக்கலாம். ஆனால் மூன்று வயரையும் ட்ரைவிலிருந்து கழற்றிவிட்டுத்தான். அப்படியே மாட்டி வைத்து மெக்கர் சுற்றினால், நல்ல ட்ரைவையும் கையோடு கொன்றுவிடுவீர்கள். அப்புறம் விலை கேட்டுப் போன் அடித்தால் நான் விலை சொல்லித்தான் ஆக வேண்டும்.