‘ரேஸ்’ என்று ஒரு தனி நோட்டு

மே 19

பில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு புது நோட்டை நீட்டினாள். முதல் பக்கத்தில் ‘ரேஸ்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு. “ஏங்க, இனிமே அந்தக் கார் செலவை லேத் கணக்குல ஏத்தாதீங்க. ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது?” அம்பத்தூரில் நாலு மெஷின் ஓடும் பட்டறை எங்களுடையது. அவள் கேட்டது நியாயம்தான். ஜனவரியிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

பழைய மாருதி எஸ்டீம், 2,60,000 ரூபாய். ரேஸை விட்டுவிட்ட ஒருவரிடம் வாங்கியது. உள்ளே ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு, ஏற்கெனவே வெல்டிங் ஆகியிருந்தது. ஹெல்மெட், தீப்பிடிக்காத சூட், கையுறை, ஷூ, கழுத்துக் காப்பு, சீட் பெல்ட் எல்லாம் சேர்த்து 1,15,000. அந்த பெல்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம். ஒரு நூல் பிரியாமல் புதுசுபோல இருந்தாலும் தேதி முடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டுக்குக் கூட இவ்வளவு கறாராகத் தேதி பார்ப்பதில்லை.

மே 26

புதுப்பேட்டை, பழைய உதிரி பாகக் கடைகள். முன்சக்கர ஹப் ஒன்று வேண்டும், சக்கரம் மாட்டும் நடுப்பாகம். எஸ்டீம் வருவது 2007-லேயே நின்றுவிட்டது, ஆனாலும் இங்கே கிடைக்கிறது. நான் இந்த வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்க அதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி எடை குறைவு, 1300 சிசி இன்ஜின்.

கடைக்காரர் மூன்று ஹப்பை எடுத்துப் போட்டார். பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டில் நகம் மாட்டியது, மூன்றாவதில் வழுக்கியது. அதைத்தான் எடுத்தேன். “நீங்க என்ன சார், நகை வாங்குற மாதிரி பாக்குறீங்க” என்றார். பேரம் மட்டும் படியவில்லை.

ஜூன் 2

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பயிற்சி. 3.7 கிலோமீட்டர் டிராக்கை 2 நிமிடம் 7 விநாடியில் சுற்றினேன். நல்ல ஓட்டுநர்கள் சிரிப்பார்கள், எனக்கு இது முன்னேற்றம்.

நாலாவது லேப்பில், அதாவது நாலாவது சுற்றில், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழையதாகிவிட்டால் சூட்டில் கொதித்துவிடும். மாற்றச் சொல்லி மெக்கானிக் அண்ணன் போன வாரமே சொன்னார். பாட்டிலுக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். நல்ல வேளை, எனக்கு முன்னால் மணல்தான் இருந்தது, சுவர் இல்லை.

சுவர் என்றதும் ஞாபகம். சாதாரண கார் இன்ஷூரன்ஸில் ரேஸுக்குக் கிளெய்ம் கிடையாது. இடித்தால் முழுச் செலவும் நம் தலையில். அண்ணன் ஒரே கேள்விதான் கேட்பார்: “சார், இந்த வண்டிய இன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டாலும் நைட்டு தூங்குவீங்களா?” தூங்குவேன் என்றால்தான் சாவியைக் கொடுப்பார்.

டயரில் சிக்கனமாகத்தான் இருக்கிறேன். முன்னணியில் ஓடுபவர்கள் இரண்டு ரேஸ் ஓட்டிவிட்டுக் கழற்றுவதைப் பாதி விலைக்கு வாங்குவேன். மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் உருண்டைகளை ஹாட் ஏர் கன்னால் இளக்கி, பெயிண்டர் பட்டி பூசும் தகட்டால் சுரண்ட வேண்டும். டயருக்கு முக்கால் மணி நேரம். அந்த வேலை எனக்குப் பிடிக்கும், ஏனென்று தெரியவில்லை.

ஜூன் 9

அப்பா நோட்டைப் புரட்டிவிட்டு நேரே பழைய சோழவரம் ரேஸ் கதைக்குப் போய்விட்டார். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம். புளிசாதம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவாராம். “அப்பவும் இது பணக்கார விளையாட்டுதான்டா. கரிவரதன் ஒருத்தர்தான் மத்தவனும் ஓட்டட்டும்னு கணக்குப் போட்டாரு” என்றார்.

உண்மைதான். கரிவரதன் கோயம்புத்தூர் மில் குடும்பத்தில் பிறந்தவர். 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், அதுவும் தெரு முனையில் உதிரி பாகம் கிடைக்கும் இன்ஜின். பிறகு ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் அதை ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

ஜூன் 16

ரேஸ். எட்டு லேப். ஆறாவதில் மூன்றிலிருந்து நாலாம் கியர் போடப் போய் இரண்டாவதில் தள்ளிவிட்டேன். என் கை, என் தப்பு. இன்ஜின் சுற்று வேகம் காட்டும் டாக்கோமீட்டர் முள் சிவப்பைத் தாண்டி எங்கேயோ போனது. ஒரு லேப் முழுக்க உருண்டு உருண்டுதான் பிட்டுக்கு வந்தேன். அடியில் கடகடவென்று சத்தம்.

பட்டறைக்குக் கொண்டுவந்து அண்ணன் ஆயிலை இறக்கினார். டிரேயில் டார்ச் அடித்தால் கறுப்பு ஆயிலுக்குள் வெள்ளியும் செம்புமாக மினுமினுப்பு, பட்டுப்புடவை ஜரிகை போல. பேரிங் அரைபட்டு வந்தது அது. அழகாகத்தான் இருந்தது. சரிசெய்ய 62,000 ரூபாய்.

ஜூன் 18

நானும் மனைவியும் ஜனவரியிலிருந்து கூட்டினோம். வண்டி விலையைச் சேர்க்கவில்லை, விற்றால் ஏதோ வரும். பாதுகாப்புச் சாமான் 1,15,000. டயர் 64,000. லைசென்ஸ், நுழைவுக் கட்டணம், பயிற்சி நாள் 83,000. பிரேக், ஆயில், பெட்ரோல், வண்டி ஏற்றிப்போகிற லாரி, ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜ் 59,000. இப்போது இன்ஜின். மொத்தம் 3,83,000.

நான்கு ரேஸ், 30 லேப், சுமார் 63 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு ஆறாயிரம். பட்டறையில் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு மணிக்கு 450 ரூபாய் வாங்குகிறோம். “உங்க ஒரு நிமிஷத்துக்கு மெஷின் பதிமூணு மணி நேரம் ஓடணும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்தியது.

சம்பளக்காரர் யாராவது கேட்டால் சொந்த வண்டியே வேண்டாம் என்பேன். எல்லோருக்கும் ஒரே மாடல் வண்டி, அதையும் கம்பெனியே வைத்துப் பராமரிக்கும் கப் ரேஸில் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, ரேஸ் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஓட்டிவிட்டு வரலாம். எனக்கு அது ஒத்துவராது. டயர் சுரண்டுவதற்கும் ஹப்பில் நகம் ஓட்டுவதற்கும் சேர்த்துத்தான் நான் காசு கொடுக்கிறேன். இந்தக் கணக்கில் அந்த மணிநேரங்கள் ஏறவே இல்லை. அவளிடம் இதைச் சொல்லவும் செய்தேன். “அப்ப மெஷினைத் தொட்டுக்கிட்டு இங்கேயே இருக்கலாமே” என்றாள். பதில் வரவில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாடு. பட்டறைப் பணம் தொடக்கூடாது, கடன் கூடாது. மெஷினில் விழும் இரும்புச் சுருள் விற்ற காசு மட்டும் ரேஸுக்கு.

ஜூன் 23

பழைய இரும்புக்காரர் வந்தார். மூட்டை மூட்டையாகத் தராசில் ஏற்றினோம். 470 கிலோ, கிலோ 30 ரூபாய், 14,100. அவள் எண்ணி வாங்கி, நோட்டின் இடது பக்கத்தில் முதல்முறையாக ஒரு வரவு எழுதினாள். பக்கத்திலேயே சின்னதாக: இன்ஜினுக்கு இன்னும் 47,900.

“இந்த மாசம் சுருள் அதிகமா விழுற ஜாப் ஏதாவது இருக்காங்க?” என்று கேட்டாள்.