சாம்பி பருவத்துக்கு வந்த நாட்கள்

11 டிசம்பர் 2024, புதன்

நேற்று நள்ளிரவு கடந்ததும் கூடத்திலிருந்து எழுந்த குரல் எங்கள் பூனை சாம்பியுடையது என்பதை உணரவே எனக்குச் சில நொடிகள் பிடித்தன. பசிக்கோ கதவு திறக்கச் சொல்லியோ அவள் எழுப்பும் சிறு ஓசையாக அது இல்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு நீண்டு, இறங்கி, மீண்டும் ஏறும் ஓலமாக இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது தரையில் புரண்டுகொண்டிருந்தாள். முதுகைத் தடவியவுடன் முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி, பின்னங்கால்களால் தரையை மிதிக்கத் தொடங்கினாள். முதுகெலும்பிலோ வயிற்றிலோ ஏதோ கோளாறு என்று அஞ்சி விடியும்வரை அவளருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஊரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "வயிற்றுவலியெல்லாம் இல்லம்மா, நம்ம வீட்டுப் பசு காளைக்குக் கத்துமே, அதேதான்" என்றார். அவருக்கு ஐயமே இல்லை. சாம்பிக்கு இன்னும் ஏழு மாதம்கூட நிறையவில்லை என்பதால் என்னால் உடனே நம்ப முடியவில்லை.

12 டிசம்பர், வியாழன்

கால்நடை மருத்துவர் அம்மா சொன்னதையே உறுதிசெய்தார். எடை 2.4 கிலோ. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும் என்றும், எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது பெரும்பாலானவை வந்துவிடும் என்றும் விளக்கினார். நாய்க்கு வருவதுபோல் பூனைக்கு இரத்தக் கசிவு இராது. இரத்தமோ சீழோ தென்பட்டால் அது பருவம் அன்று, நோய், உடனே அழைத்துவர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

பூனைகள் குளிர்காலத்தில் பருவத்துக்கு வருவதில்லை என்று படித்திருந்ததால் டிசம்பரில் எப்படி வந்தது என்று கேட்டேன். அந்தக் கணக்கு குளிர்நாடுகளுக்கு உரியது என்றார். பூனையின் உடல் பகலின் நீளத்தை அளக்கிறது. இருட்டு நீளும்போது மெலட்டோனின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, கருமுட்டை உருவாகும் சூலகத்தை ஓய்வில் வைக்கிறது, வெளிச்சம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரத்தை எட்டும்போது அந்தத் தடை விலகுகிறது. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கும் மேல் வேறுபாடு உண்டு. சென்னையிலோ அது ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில் இரவு பன்னிரண்டு வரை குழல்விளக்கு எரிகிறது. வெளியே கார்த்திகை மாதமாக இருந்தாலும் சாம்பி வாழ்வது முடிவில்லாத கோடையில் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே "காலம் கடந்தால் அடங்கிவிடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை.

பருவத்தின்போதும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யலாம்; ஆனால் இரத்தக் குழாய்கள் பருத்திருக்கும் என்பதால், வீட்டுக்குள்ளேயே காவலாக வைத்திருக்க முடிந்தால் இது அடங்கியபின் இடைவெளியில் செய்துகொள்ளலாம் என்றார்.

14 டிசம்பர், சனி

மூன்று இரவுகளாக உறக்கமில்லை. பின்புறச் சுற்றுச்சுவரில் நேற்று ஒரு கடுவன் பூனை இருந்தது, இன்று மூன்று. அவை ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் ஓசை அவளுடைய ஓலத்தைவிடக் கலக்கமூட்டுகிறது, ஏனெனில் பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸ் பெரும்பாலும் இத்தகைய கடிகளின் வழியாகவே பரவுகிறது. பால்கனி வலையின் ஓட்டைகளைக் கம்பியால் கட்டினேன். வாசல் கதவைத் திறக்குமுன் அவளை உள்ளறையில் விட்டுச் சாத்துகிறேன்.

சோபாவின் ஓரத்திலும் செருப்பு அலமாரியிலும் சிறுநீர் தெளித்திருக்கிறாள். வழக்கம்போல் ஃபினாயில் ஊற்றித் துடைக்கக் கை போனது, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். ஃபினால் சார்ந்த பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது; தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நஞ்சாகலாம். அமோனியா கலந்த திரவங்களும் உதவா, அவற்றின் நெடி சிறுநீரின் நெடியை ஒத்திருப்பதால் அதே இடத்துக்கு அவளை மீண்டும் அழைக்கும். சோப்பு நீரால் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, உலரவிட்டேன்.

கீழ்த்தளத்துப் பாட்டி படியேறி வந்து, பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று வருந்தினார். அது துயரத்தில் அழவில்லை, துணையைக் கூப்பிடுகிறது என்று விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒரு ஈத்தாவது போடட்டுமே, பாவம்" என்றார். அந்த இரக்கம் உண்மையானது என்பதால் மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் ஒருமுறை ஈன்றால் பூனையின் உடல்நலம் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வாய்ப்பு 91 விழுக்காடும், ஓராண்டுக்குள் செய்தவற்றுக்கு 86 விழுக்காடும் குறைவதாகக் கண்டது.

16 டிசம்பர், திங்கள்

உடன் பணியாற்றுபவர் ஒருவர், மருந்துக்கடையில் ஓர் ஊசி கிடைக்கும், போட்டால் ஒரே நாளில் அடங்கிவிடும் என்றார். மருத்துவரிடம் கேட்டேன். அது புரோஜெஸ்டின் எனப்படும் ஹார்மோன் வகை மருந்து. பருவத்தை ஒத்திப்போடும், ஆனால் கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும், மடி வீங்குவதற்கும், நீரிழிவுக்கும் வழிவகுக்கக்கூடும். மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்று கேட்டபோது நெஞ்சு பதறியது. கத்துவது நமக்குத் தொல்லை என்பதற்காக அவளுடைய கருப்பையைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை.

இரவு உணவுக்குமுன் அவள் களைக்கும்வரை கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டுகிறேன். சில மணி நேரம் அமைதி கிடைக்கிறது. அதற்குமேல் அது செய்வதில்லை.

18 டிசம்பர், புதன்

எட்டாம் நாள். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டு விழித்தபோது சாம்பி என் காலடியில் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் உணவு தீர்ந்திருந்தது.

இனி 21 நாள் அவகாசம் என்று அம்மா பசுவின் கணக்கைச் சொன்னார். இந்த இடத்தில்தான் பசுவும் பூனையும் பிரிகின்றன. பசுவுக்குப் பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், காளை வந்தாலும் வராவிட்டாலும் கருமுட்டை தானாக வெளிப்படும். பூனைக்கோ இணைசேர்தலே அதைத் தூண்டுகிறது. இணைசேராவிடில் முட்டை பொதுவாக வெளிப்படாமலேயே அடங்கி, பத்துப் பதினைந்து நாளில் புதிய சுற்று தொடங்கிவிடும். ஒரே பருவத்தில் பல கடுவன்களுடன் சேர்வதால் ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் அமைவதும் உண்டு. எங்கள் மாடிப்படிக்குக் கீழே நவம்பர் இறுதியில் பிறந்த நான்கு குட்டிகளின் நிறங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

28 டிசம்பர், சனி

பத்தே நாள். மீண்டும் அதே ஓலம். அறுவை சிகிச்சைக்கு 24-ஆம் தேதியே நாள் கிடைத்தது. உறவினர் வீட்டு நிகழ்ச்சிக்காக நான்தான் தள்ளிவைத்தேன். அம்மாவின் கணக்கை நம்பியது என் தவறு. அதற்கான விலையை இப்போது அவள் கொடுக்கிறாள்.

8 ஜனவரி 2025, புதன்

நான்காம் தேதி அடங்கினாள். இன்று அறுவை சிகிச்சை முடிந்தது. மருத்துவர் வகுத்த நேரத்துக்குப்பின் உணவு கொடுக்கவில்லை. சூலகங்களும் கருப்பையும் அகற்றப்பட்டன. கழுத்தில் கூம்பு வடிவக் காப்புடன் கூடையிலிருந்து தள்ளாடி வெளியே வந்து சுவரில் இடித்துக்கொண்டபோது பார்க்கவே கடினமாக இருந்தது. வலிக்கு மருத்துவர் தந்த மருந்தைத் தவிர எதையும் கொடுக்கக்கூடாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். குதிக்காமல் இருக்க அலமாரிக்கு ஏறும் வழிகளை அடைத்தேன். இன்றிரவு கூடத்து விளக்கை ஒன்பது மணிக்கே அணைத்துவிட்டேன், அவள் உறங்கட்டும் என்பதற்காக மட்டும்.

20 ஜனவரி, திங்கள்

தையல் பிரிக்கப்பட்டது. காயம் உலர்ந்திருக்கிறது, எடை 2.6 கிலோ. எப்போதாவது மீண்டும் பருவ அறிகுறிகள் தோன்றினால், சூலகத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கக்கூடும் என்பதால் தயங்காமல் வரச் சொன்னார். இனி உணவின் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

புறப்படும்போது மாடிப்படித் தாய்ப்பூனையைப் பற்றிக் கேட்டேன். பால் கொடுக்கும் காலத்திலேயே அது மறுபடி சினையாகலாம், சினைக்காலம் ஒன்பது வாரம்தான் என்பதால் கோடைக்குள் அடுத்த ஈற்றும் வந்துவிடும் என்றார். குட்டிகள் எட்டு வாரத்தில் தாமாக உண்ணத் தொடங்கியதும் தாயைக் கருத்தடைக்குக் கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று. தாய் என்னை அணுகவிடுவதில்லை. எனவே பொறிக்கூண்டு ஒன்றை இரவலாக வாங்கி வந்து, அது பழகுவதற்காகக் கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே சோறும் மீனும் வைத்திருக்கிறேன். கீழ்த்தளத்துப் பாட்டி இப்போது மீனின் தலைகளைத் தனியே எடுத்துவைத்துத் தருகிறார். இன்று மாலை அது முன்னங்கால்கள் இரண்டையும் கூண்டுக்குள் வைத்து உண்டது.