சம்பளக் கார்டு யார் கையில்? ஒரு பேச்சு நிகழ்ச்சித் தயாரிப்பாளரின் ஜூலை மாத நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள். வேலூர்.

அடுத்த படப்பிடிப்புக்கு ஆள் தேடும் வேலையை இன்று வேலூரில் தொடங்கினோம். வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளம் யார் கையில் இருக்க வேண்டும் என்பது தலைப்பு. ஒரு வரிசையில் மகள்கள், எதிர் வரிசையில் அம்மாக்கள். சென்னையில் தேடினால் ஐ.டி. நிறுவனப் பெண்கள் வேண்டிய அளவுக்கு ஒரே நாளில் கிடைப்பார்கள், நன்றாகவும் பேசுவார்கள். ஆனால் அவர்கள் சொல்லப்போவது எனக்கு மட்டுமல்ல, பார்ப்பவர்களுக்கும் மனப்பாடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்களில் விடிந்தும் விடியாமலும் கம்பெனி வண்டி ஏறி ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் வருமானத்தில்தான் எத்தனையோ வீடுகளில் ஓலைக்கூரை தளமாகியிருக்கிறது. அந்தப் பணத்தைப் பற்றி அவர்களே பேசி நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த ஊர்களில் தேடுகிறேன் என்று சேனலிடம் வாதாடி அனுமதி வாங்கினேன்.

கொசப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாகியும் நான் செய்யும் வேலை இன்னதென்று சித்திக்குப் பிடிபடவில்லை. "தயாரிப்பாளர்னு போடறாங்களே, அவ்ளோ பணத்துக்கு நீ எங்கடி போவ?" என்று கேட்டார். படத் தயாரிப்பாளரைப் போல முதல் போடுகிறவள் அல்ல, நான் மாதச் சம்பளக்காரிதான். தலைப்பை யோசிப்பதில் தொடங்கி, அதற்கேற்ற மனிதர்களைக் கண்டுபிடித்து, அரங்குக்கு அழைத்துவந்து பேச வைத்து, பேசியதை எடிட் செய்து ஒளிபரப்புக்குத் தருவது வரை என் பொறுப்பு என்று விளக்கினேன். "எல்லாத்தையும் நீ செஞ்சிட்டு, பேரு மைக் புடிச்சிக்கினு நிக்கறவனுக்கா?" என்றார். என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

ஜூலை 10, புதன். வேலூர்.

1806 சிப்பாய்ப் புரட்சியின் நினைவு நாள் என்பதால் மக்கான் சந்திப்பு நினைவுத்தூண் அருகே காலையில் நெரிசல். வண்டி நகராததால் முதல் சுற்றுத் தொலைபேசிப் பேச்சுகளை உள்ளே உட்கார்ந்தபடியே முடித்தேன்.

இந்த முதல் பேச்சில்தான் நிகழ்ச்சியின் பாதி முடிவாகிவிடுகிறது. நான் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை. சம்பளத்தை அம்மாவிடம் கொடுப்பது சரியா தவறா என்று கேட்டால் எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டுரை ஒப்பிப்பார்கள். சம்பளம் ஏறிய அன்று முதலில் பணம் எடுப்பது யார், எந்த ஏ.டி.எம்.மில், மிச்சம் எவ்வளவு என்பது உங்களுக்கு எப்படித் தெரியவரும் என்று கேட்டால் வீட்டுக் கதவு தானாகத் திறக்கிறது. கதை சூடு பிடிக்கும் இடத்தில் நானே நிறுத்திவிடுவேன். மீதியை அரங்கில் வந்து சொல்லுங்கள் என்பேன். போனில் முழுவதும் சொல்லித் தீர்த்துவிட்டவர் அரங்கில் அதையே ஒப்புவிப்பார், அதைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தொழிலுக்குள் நான் நாற்காலி நிரப்பும் ஆடியன்ஸ் கோஆர்டினேட்டராக வந்தேன். குடியாத்தத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, சன் டி.வி.யில் விசு நடத்திய அரட்டை அரங்கத்தைத் தெருவே கூடிப் பார்க்கும். யாரோ ஒரு கல்லூரி மாணவி, யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் மைக் வாங்கிப் பேசுவார்கள். அங்கே நல்ல பேச்சாளர்தான் தேவை. 2006இல் விஜய் டி.வி.யில் கோபிநாத் நடத்தத் தொடங்கிய நீயா நானா இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்தது. அதோடு எங்களைப் போன்றவர்களின் வேலையே வேறாகிவிட்டது என்பது என் எண்ணம். அதன் பிறகு நன்றாகப் பேசுகிறவரை அல்ல, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு முகம் மாறுகிறவரைத் தேட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களாக இருப்பதில்லை.

ஜூலை 11, வியாழன். வேலூர்.

ரேட்டிங் நாள். சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்தில் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை பார்க் அமைப்பு அடுத்த வியாழக்கிழமை வெளியிடும். அன்று சேனல் அலுவலகத்தில் யார் சிரிக்கிறார்கள், யார் சாப்பிடாமல் எழுந்து போகிறார்கள் என்பதை வைத்தே எண்ணை ஊகித்துவிடலாம். இந்தக் கணக்கை எடுக்கும் மீட்டர் பொருத்திய வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனிப் பொத்தான் உண்டு; பார்க்க உட்காரும்போது அழுத்த வேண்டும், எழும்போதும் அழுத்த வேண்டும். பாட்டி அழுத்த மறந்தால் பாட்டி பார்க்கவில்லை என்றே கணக்கு.

2015இல் பார்க் வந்து, அதே ஆண்டில் கிராமங்களையும் கணக்கில் சேர்க்கும் வரை மீட்டர் நகரங்களில்தான் இருந்தது. அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் எத்தனை பேர் பார்த்தாலும் அவர்கள் விளம்பரக்காரர் கண்ணுக்குத் தெரியாதவர்கள். இப்போது சேனல் கூட்டங்களில் ‘ஊர்ப்பக்கம்’ என்ற சொல் ஓயாமல் அடிபடுவதற்குக் காரணம் ஊர்ப்பாசம் அல்ல, மீட்டர்தான். அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை; அந்த மீட்டர் இல்லாவிட்டால் ஆம்பூரில் ஆள் தேட எனக்கு வண்டி வாடகை தந்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 13, சனி. வேலூர்.

குழுவில் உள்ள தம்பி ஒருவர் பிக் பாஸ் மாதிரியான நிகழ்ச்சிக்குப் போக விரும்புகிறார். போகட்டும்; அதுவும் கற்க வேண்டிய வேலைதான். 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய அந்த வடிவம் 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசனோடு தமிழுக்கு வந்தபோது, எங்கள் தொழிலில் புதிய வேலைகள் பல சேர்ந்தன. இரவும் பகலும் முறை மாற்றி உட்கார்ந்து, எந்தக் கேமராவில் எந்த நிமிடத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்று தட்டச்சு செய்துகொண்டே இருக்கும் லாகர்கள் அதில் ஒரு வகை. ஒரு நாள் முழுவதும் பதிவானதை ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது கதையை அவர்கள் குறிப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

அங்கே மனிதர்கள் சில நாட்களில் கேமராவை மறந்துவிடுகிறார்கள். இங்கே எங்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு மணி நேரம். யாரும் எதையும் மறக்க மாட்டார்கள். ஆகவே நாங்கள் எடிட்டுக்கு முன்பே, நாற்காலி போடும்போதே வேலையைக் காட்ட வேண்டும். அதிகம் பேசுகிறவருக்குப் பின்னால் பேசத் தயங்குகிறவரை உட்கார வைத்தால், முன்னவர் பேசும்போதெல்லாம் பின்னவரின் முகம் பிரேமில் இருக்கும். தொகுப்பாளர் அவர் உதடு அசைவதைப் பார்த்து மைக்கை அங்கே கொண்டுபோவார். தம்பி இதைக் குறித்துக்கொண்டார்.

ஜூலை 17, புதன். ஆம்பூர்.

மொகரம் விடுமுறை, ஆடி முதல் நாளும் கூட. வேலை நாளில் பிடிக்க முடியாத பெண்களை இன்று வீடுகளிலேயே பார்த்தோம்.

ஒரு வீட்டில் முப்பது வயதைக் கடந்த, திருமணமாகாத ஒரு பெண். ஷூவின் மேல்தோலை ஓரம் மடித்து ஒட்டும் பிரிவில் வேலை. நேற்று ஒட்டிய சொல்யூஷன் விரல் நுனிகளில் காய்ந்திருந்தது. பேசிக்கொண்டே கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் தேய்த்து நூல் நூலாக உருட்டி எடுத்து முறத்தின் ஓரத்தில் சேர்த்துவைத்தார். அப்பா இல்லை. சம்பளக் கார்டு தம்பியிடம். மாதம் இவ்வளவு என்று அவன் தருவதுதான் இவர் கைச்செலவுக்கு. அம்மா அதை இயல்பாகத்தான் சொன்னார்: "ஆம்பளப் புள்ள வெச்சிருந்தா காசு நிக்கும்மா."

அம்மா காபி போட எழுந்தபோது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். நிகழ்ச்சி வந்த மறுநாள் கம்பெனி வண்டியில் ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ஒப்புதல் படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை. படிவம் எங்களைக் காப்பதற்காக எழுதப்பட்டது. இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களை நான் அரங்குக்கு அழைப்பதில்லை.

"வண்டில வர்றவளுங்க முக்காவாசிப் பேருக்கு இதே கததான்கா. அவளுங்க பாக்கணும்னுதான் வர்றேன்" என்றார்.

ஜூலை 19, வெள்ளி. சென்னை.

பங்கேற்பாளர் பட்டியலைப் பார்த்த சேனல் மேற்பார்வையாளர் ஆம்பூர்ப் பெண்ணின் பெயரில் விரலை வைத்து, அவருடைய தம்பியையும் அழைத்துவந்து நடுவில் திடீரென்று உள்ளே விட வேண்டும் என்றார். அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரியக்கூடாதாம்.

மறுத்துவிட்டேன். அறம் பேசினால் அந்த அறையில் எடுபடாது என்பதால் முதலில் சட்டம் பேசினேன். குடும்பச் சண்டைகளை நடுவில் வைத்துத் தீர்த்த ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியின் ஒளிபரப்புக்கு 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததை அந்த அறையில் இருந்த யாரும் மறந்திருக்கவில்லை. பிரிட்டனில் 2005 முதல் நடந்த ஜெரமி கைல் நிகழ்ச்சி, அதில் பங்கேற்ற ஒருவர் இறந்ததை அடுத்து 2019 மே மாதம் நிறுத்தப்பட்டது. பங்கேற்பாளரின் நலனைக் கவனிப்பதை அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021இல் ஒளிபரப்பு விதியாகவே ஆக்கியது. நம்முடைய 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் திரையில் எது வரக்கூடாது என்று சொல்கின்றனவே தவிர, பேசிவிட்டு வீடு திரும்பியவர் என்ன ஆனார் என்று கேட்பதில்லை. கேட்காததால் அந்தப் பொறுப்பு என்னைப் போன்ற எபிசோடு புரொடியூசர் தலையில் விழுகிறது.

கடைசியில் எடுபட்டது தொழில் காரணம்தான். தம்பி உள்ளே வந்தால் அந்தப் பெண் பேச மாட்டார், தம்பிதான் பேசுவான், நமக்குக் கிடைப்பது நாம் நூறு முறை காட்டிய அக்கா தம்பி சண்டை. மேற்பார்வையாளர் யோசித்து, சரி என்றார். முகம் மட்டும் சரியாகவில்லை.

ஜூலை 21, ஞாயிறு. சென்னை.

ஆம்பூரிலிருந்து வேன் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, காலைச் சிற்றுண்டிக்கு ஸ்டுடியோ வந்து சேர்ந்தது. அம்மாக்கள் ஏ.சி. குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டார்கள். பட்டுப்புடவை வேண்டாம் என்று சொல்லியும் பாதிப் பேர் பட்டில்தான் வந்திருந்தார்கள். எனக்கென்னவோ அதுவே நன்றாக இருந்தது.

மதியத்துக்கு மேல் அந்தப் பெண்ணின் முறை. கார்டு தம்பியிடம் இருப்பதைச் சொன்னதும் எதிர் வரிசையிலிருந்து ஓர் அம்மா, "தம்பிதானே, காசு எங்க போயிடப் போவுது?" என்றார். இவர் உடனே, "தம்பிதாம்மா. பின் நம்பரக் கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறான்" என்றார். அரங்கம் சிரித்தது. படப்பிடிப்பைத் திரைகளில் பார்த்து நடத்தும் பி.சி.ஆர். அறையிலிருந்த நான், தொகுப்பாளரின் காதுக்குள் பேசும் டாக்பேக்கில் அவரிடம், அடுத்த கேள்வி வேண்டாம், அப்படியே நில்லுங்கள் என்றேன். அவர் நின்றார். சிரிப்பு அடங்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகு அம்மாக்கள் வரிசையிலேயே கடைசியில் இருந்த ஒருவர் மைக் கேட்டு, தன் பெண்ணின் கார்டு பின் நம்பர் தனக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியுமா என்று தான் இதுவரை கேட்டதே இல்லை என்றார். அவருடைய மகள் எதிர் வரிசையில்தான் இருந்தாள். தெரியாது என்று தலையாட்டினாள்.

தொலைபேசியில் நான் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இது வந்திருக்காது. அந்த அம்மாவை நான் ‘அமைதியானவர், இரண்டாம் வரிசை’ என்றுதான் குறித்திருந்தேன்.

ஜூலை 25, வியாழன். சென்னை.

எடிட். புரோமோ குழு கேட்டது எதிர்பார்த்ததுதான்: பின் நம்பர் பதிலுக்கு அடுத்து, வேறொரு பேச்சில் அழுத அம்மாவின் முகத்தை ஒட்டி, சோக இசை போட வேண்டும். பேச்சுக்கு ஒரு முகம், அதற்கு மறுமொழியாக வேறு நேரத்து முகம். இது எல்லா எடிட் அறைகளிலும் நடக்கிறது, பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஊரில் நான்கு பேர், அந்தப் பெண் சொன்னதற்கு நீ ஏன் அழுதாய் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? ஆகவே அதே பதிலுக்கு, அதே நிமிடத்தில் விழுந்த சிரிப்பையே வைத்தோம், இசை இல்லை. சிரிப்பை வைத்தால் நகைச்சுவை நிகழ்ச்சி என்று நினைத்துவிடுவார்கள் என்று புரோமோ குழு பயந்தது. நினைத்துக்கொண்டு உட்காரட்டும், பிறகு எழ மாட்டார்கள் என்றேன்.

சேனல் பிரிவியூவில் நான்கு நிமிடம் குறைக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் நன்றாகப் பேசிய இருவரின் பேச்சிலிருந்து அதை எடுத்தேன். அவர்களுக்கு வருத்தம் இருக்கும், நானே போனில் சொல்லிவிடுகிறேன் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆம்பூர்ப் பெண்ணையும் அழைத்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை மணிக்கு வரும் என்று. ஞாயிறு இரவு என்றதும், திங்கட்கிழமை வண்டியில் பேச வசதியாக இருக்கும் என்றார்.

அடுத்த தலைப்பு வேலூர் மருத்துவமனைப் பக்கத்துத் தெருக்களில் வெளிமாநில நோயாளிகளுக்கு அறை விடும் குடும்பங்கள். நாளை முதல் போன் பேச வேண்டும். வங்காளமும் இந்தியும் தெரிந்த ஒரு கோஆர்டினேட்டர் இதற்குத் தேவை, இன்னும் கிடைக்கவில்லை.