தனோட் மாதா: வெடிக்காத குண்டுகளுக்கு நடுவே ஒரு தரிசனம்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து, பாகிஸ்தான் எல்லையருகே இருக்கும் தனோட் மாதா கோயில் சுமார் 120 கி.மீ. பாதி வழியில் வரும் ராம்கட்டில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசிச் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அடையாள அட்டை அசலாக இருக்கட்டும். கோயிலைத் தாண்டி எல்லைத்தூண் வரை போகத்தான் எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. மே மாத வெயில் தாங்காது.

பூஜையும் ஆரத்தியும் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்களே செய்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வெடிக்காத பீரங்கிக் குண்டுகள். 1965 போரில் பாகிஸ்தான் தரப்பிலிருந்து 3,000 குண்டுகள் வீசப்பட்டன, வளாகத்துக்குள் மட்டும் 450 விழுந்தன, ஒன்றுகூட வெடிக்கவில்லை என்பது தலவரலாறு. குண்டுகள் கண்முன் இருக்கின்றன. எண்ணிக்கை நம்பிக்கையின் கணக்கு. குண்டின் முனையிலுள்ள ஃபியூஸ் கெட்டியான தரையில் மோதினால்தான் தவறாமல் வேலை செய்யும். பொலபொலவென்ற மணலில் புதைந்தால் பல வெடிக்காமலே கிடக்கும். அம்மனின் கருணை அந்த மணலின் வழியாக வந்தது என்று வணங்குவதில் குறை எதுவும் இல்லை.

இந்தக் கதை இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காலமும் காரணம். 1962-இல் சீனாவிடம் தோல்வி, 1964-இல் நேரு மறைவு, 1965-இல் மீண்டும் போர். தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில மணி நேரத்தில் பிரதமர் சாஸ்திரியும் போனார். பிடித்த நிலமும் திரும்பிப் போனது. இதுதான் வெற்றி என்று கைகாட்ட மக்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. தனோட் அந்த இடமானது.

அப்படி ஆகும்போது சில பெயர்கள் நழுவிவிடும். குண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் 1965 நவம்பரிலேயே எல்லைப் பாதுகாப்புப் படை அங்கே காவல் நின்றதாகப் பலரும் சொல்வார்கள். அந்தப் படை தொடங்கப்பட்டதே 1965 டிசம்பர் 1-இல்தான். தனோட்டைக் காத்து நின்ற, இந்திய ராணுவத்தின் 13-ஆவது கிரெனேடியர்ஸ் படைப்பிரிவு வீரர்களையும் சந்நிதியில் நினைத்துக்கொள்ளுங்கள்.

லோங்கேவாலா இங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. 1971 டிசம்பர் 4 இரவு, 23 பஞ்சாப் படைப்பிரிவின் சுமார் 120 பேர் பாகிஸ்தானின் டாங்கிப் படையை எதிர்த்து விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். இந்திய விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்களுக்கு இருட்டில் தாக்கும் வசதி இல்லை. வெளிச்சம் வந்த பிறகே பறந்து வந்து, மணலில் சிக்கித் திணறிய டாங்கிகளை நொறுக்கின. குண்டை விழுங்கிய அதே தார் மணல்! இந்தச் சண்டையை வைத்து 1997-இல் வந்த 'பார்டர்' இந்திப் படத்தை மனத்தில் வைத்துப் போகிறவர்கள் விமானப்படையின் பங்கைக் குறைத்தே எடைபோடுகிறார்கள். அந்த வெற்றியின் நினைவாகத் தனோட் வளாகத்தில் விஜயத் தூண் நிற்கிறது.

இங்குள்ள அம்மனான தனோட் ராய், ஹிங்லாஜ் மாதாவின் வடிவம். பட்டி ராஜபுத்திர அரசர் தனு ராவ் 9-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இது என்பது மரபு. எல்லைக்கோடு வந்தது 1947-இல். மூலபீடமான ஹிங்லாஜ் இன்று பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் இருக்கிறது. அங்குள்ள முஸ்லிம்களும் அவளை 'நானி' என்று அழைக்கிறார்கள்.

புறப்படும் முன் வேண்டுதல் கைக்குட்டை கட்டலாம். புதிய பருத்தித் துணியாக, உங்களுக்கு அடையாளம் தெரியும்படி இருக்கட்டும். வேண்டியது பலித்தால் திரும்பி வந்து அவிழ்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான கைக்குட்டைகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.