குருசோவுக்கு அளவெடுத்த கதை

எங்கள் வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேரை நான் நேரில் கண்டதில்லை. பழைய சாகச நாவல்களின் மேலுள்ள பைத்தியம் ஒன்றே எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஓர் அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார், ஓர் அக்கா மன்னாரில், ஒரு தம்பி தஞ்சாவூரில். நான் மல்லாவியில் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறேன். வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் எல்லாரும் மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையடியில் சந்திக்க வேண்டும் என்றும், ஆளுக்கொரு நாவல் பாத்திரத்தின் உடையில் வரவேண்டும் என்றும் ரொறன்ரோ அண்ணை ஒரு யோசனையைப் போட்டார். அன்றிலிருந்து குழுவில் வேறு பேச்சே இல்லை. தையற்காரி நான் என்பதால், யார் எதை உடுப்பது என்ற வழக்குகள் எல்லாம் தீர்ப்புக்கு என்னிடமே வந்து சேருகின்றன.

கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கும் ரொபின்சன் குருசோவை மன்னார் அக்கா முந்திக்கொண்டு பிடித்துவிட்டார். டானியல் டீபோ 1719 இல் எழுதிய அந்த நாவலில் குருசோவின் உடை அங்கம் அங்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது: உயரமான ஆட்டுத்தோல் தொப்பி, தொடையின் நடு வரை தொங்கும் ஆட்டுத்தோல் மேற்சட்டை, கிழட்டுக் கிடாயின் தோலில் தைத்த அரைக் காற்சட்டை, இடுப்பில் மரம் அறுக்கும் சிறு வாளும் கைக்கோடரியும் தொங்கும் தோற்பட்டி. கிடாயின் மயிர் இரு பக்கமும் நீண்டு தொங்கியதால் அரைக் காற்சட்டை கெண்டைக்கால் வரை இறங்கியதுபோலத் தெரிந்ததாம். "அக்கா, உந்த உடுப்போட மத்தியானம் அரிப்பில நிண்டால், ஆடெண்டு நினைச்சுப் பட்டியில அடைச்சுப் போடுவாங்கள்" என்று நான் எழுதினேன். "அடைச்சால் என்ன, என்னட்டைக் குடை இருக்கெல்லோ" என்று உடனே பதில் வந்தது.

குடை விடயத்தில் அக்கா சொன்னது சரிதான். குருசோ மிகவும் மினக்கெட்டுச் செய்த பொருள்களில் அந்தக் குடையும் ஒன்று. விரித்தபடி நிற்கும் குடையைச் செய்வது அவருக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. மடக்கக்கூடிய குடையைச் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது; மனதுக்குப் பிடித்த ஒன்று அமையும் முன் இரண்டு மூன்று குடைகளைப் பாழாக்கினார். தோலின் மயிர்ப்பக்கத்தை வெளியே வைத்தால் மழைநீர் வழிந்தோடும் என்று கண்டுபிடித்துத் தொப்பிக்கும் குடைக்கும் அதையே செய்தார். தச்சு வேலையில் தான் மோசம், தையலில் அதைவிட மோசம் என்று அவரே ஒப்புக்கொள்ளும் இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மீது ஒரு தொழில்முறைப் பாசம் வருகிறது. ஊசி பிடித்துத் துன்பப்பட்டவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

தஞ்சாவூர்த் தம்பிக்கு அந்தப் பாசம் கிடையாது. உடைந்த கப்பலுக்கு நீந்திப் போகும் குருசோ, உடைகளைக் களைந்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார். ஆனால் கப்பலில் ஏறியதும் பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறார். "உடுப்பே இல்லாத மனுஷனுக்குப் பை எங்கேர்ந்து வந்துச்சு அக்கா?" என்று அவன் கேட்டான். இது புதிய கேலியல்ல. நாவல் வெளிவந்த காலத்திலேயே இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் சற்றுப் பின்னால், முழங்காலில் திறந்திருக்கும் லினன் காற்சட்டையுடனும் காலுறையுடனும்தான் நீந்தியதாகக் குருசோ சொல்கிறார். ஆகவே, காற்சட்டை இருந்தால் பையும் இருந்திருக்கும் என்றும், ஈரமான லினன் பையில் பிஸ்கட் சீக்கிரம் ஊறிவிடும் என்றாலும் அவர் வேலை செய்துகொண்டே அவற்றைத் தின்றுவிட்டதால் குற்றமில்லை என்றும் தீர்ப்புச் சொன்னேன். தம்பி மேன்முறையீடு செய்யப் போகிறானாம்.

அவனுடைய அடுத்த குற்றச்சாட்டு நியாயமானது: "எல்லாரும் வெள்ளைக்காரங்களாவே வர்றீங்களே, நம்ம ஆளுங்க இல்லையா?" 'பொன்னியின் செல்வன்' ஆழ்வார்க்கடியான் நம்பியாகத் தான் வரப்போவதாக அறிவித்தான். முன்குடுமி, உடம்பெல்லாம் சந்தனம், கையிலே ஒரு தடி. துணிச் செலவு அதிகமில்லை, எனக்குக் கூலியும் இல்லை. ஓகஸ்ட் வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பைக் கல்கியைத் தவிர வேறு எந்த ஆசிரியரும் தரவில்லை என்பதை எல்லாரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். 'புதையல் தீவு' நாவலின் கடற்கொள்ளைக்காரர் லோங் ஜோன் சில்வரின் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டை யாரும் தொடவில்லை. நாவலில் அவருக்குக் கண்பட்டி கிடையாது என்று சொன்னதும் அக்காவின் மகனுக்கு ஆசை விட்டுப் போய்விட்டது.

ரொறன்ரோ அண்ணை முதலில் ஜூல்ஸ் வேர்ணின் பாஸ்பார்ட்டூவாக வரத்தான் விரும்பினார். எண்பது நாளில் உலகைச் சுற்றப் புறப்பட்ட எசமானுடன், ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டையும் மூன்று சோடிக் காலுறையும் வைத்த ஒரே ஒரு பையுடன் கிளம்பிய அந்த வேலையாள், பம்பாயில் மலபார் குன்றுக் கோயிலுக்குள் சப்பாத்தோடு நுழைந்து, பூசாரிகளிடம் அடி வாங்கி, சப்பாத்தையும் காலுறையையும் இழந்து ஓடுகிறான். கல்கத்தா நீதிமன்றத்தில் அதே சப்பாத்துகள் சான்றுப் பொருளாக மேசையில் இருக்கின்றன; "என்ர சப்பாத்து!" என்று அவன் கத்த, வழக்கு முடிகிறது. எசமான் ஆளுக்கு ஆயிரம் பவுண் பிணை கட்ட வேண்டியதாயிற்று. திரும்பக் கிடைத்த சப்பாத்து ஒவ்வொன்றும் ஆயிரம் பவுணுக்கு மேல் என்றும், அப்படியிருந்தும் காலைக் கடிக்கிறது என்றும் அவன் புறுபுறுப்பதுதான் அந்த நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகிடி. வற்றாப்பளை அம்மன் பொங்கலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர்களுடைய செருப்புக்கு இவ்வளவு மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

பிறகு அண்ணை மனம் மாறிப் போர்த்தோஸாக வருவேன் என்று நின்றார். டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலில், தங்கச் சரிகை மினுங்கும் வாட்பட்டியைப் போட்டுக்கொண்டு, தடிமன் பிடித்திருக்கிறது என்று சொல்லி முதுகை மேலாடையால் மூடியபடி போர்த்தோஸ் பெருமை காட்டுகிறார். ஓடிவந்த நாயகன் தார்த்தன்யான் அந்த மேலாடைக்குள் சிக்கிக்கொள்ளும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது: முன்பக்கம் தங்கம், பின்பக்கம் வெறும் எருமைத் தோல். அண்ணைக்கு இந்த வேடம் பொருந்தும் என்பதில் எங்களில் யாருக்கும் ஐயம் இல்லை. காணொளி அழைப்புக்குக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு இருந்தவர், கறி அடிப்பிடிக்கிறது என்று அவசரமாக எழும்பியபோது, கீழே நீலக் கோடு போட்ட சாரம் உடுத்திருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இனி என்னுடைய முறை. நாவலில் வராத ஒருவரை நான் தெரிந்தெடுத்ததைக் குழு முதலில் ஏற்கவில்லை. ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் 1660 இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக்குள் கிடந்து, தொப்பி பின்னி விற்றும் ஊரூராக வியாபாரம் செய்தும் பிழைத்தார். 1679 இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் வியாபாரி வேடத்தில் வடக்கே நடந்து, அனுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றங்கரைக் காட்டு வழியே வந்து, ஒக்டோபர் 18 இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681 இல் அவர் வெளியிட்ட நூலின் சாயல் குருசோவில் இருப்பதாக ஆய்வாளர்கள் பேசுவதுண்டு. குருசோவுக்கு அடுத்த ஆண்டில் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் டீபோ நொக்ஸின் கதையையே சுருக்கிச் சேர்த்திருப்பதால், அவர் இந்த நூலை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

காட்டுக்குள் இறங்கும் முன் நொக்ஸ் சேர்த்த பொருள்களில் மழைக்குக் கூடாரமாக விரிக்க இரண்டு தாளிப்பனை ஓலைகளும், கால் மிதியடி செய்ய மான் தோலும் இருந்தன. முள்ளுக்குப் பயந்து மான் தோலைக் காவியவர் என்று வாசித்ததும், இந்த மனிதர் எங்கள் காட்டை உண்மையாகவே நடந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பாலைப்பழத்துக்கும் தேனுக்கும் போகிறவர்களுக்கு நான் சேட்டுத் தைப்பதுண்டு. முழங்கையிலும் தோளிலும் இரட்டைத் துணி வைக்கச் சொல்வார்கள். சூரை முள்ளில் ஒன்று பின்னோக்கி வளைந்திருப்பதால், துணி மாட்டினால் முன்னே இழுக்கக் கூடாது. ஓர் அடி பின்வாங்கிக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கை நீளத்துக்குக் கிழிந்துவிடும். கிழிந்ததை மறுநாள் என்னிடம் கொண்டு வருவார்கள். சாகசக்காரரின் உடை எதற்காக அப்படி இருக்கிறது என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தால் மாத்திரமே நான் அந்தக் காட்டை நம்புவேன்; மற்றவர்களுடைய நாயகர்கள் ஆபத்துகளைத் தாண்டி வந்த பிறகும் பொத்தான் ஒன்றுகூட அறாமல் நிற்பார்கள்.

இந்த வாதத்துக்குப் பிறகு நொக்ஸுக்கு அனுமதி கிடைத்தது. எனக்குத் தையல் வருமே தவிரப் பின்னல் வராது என்பதால், மன்னார் அக்கா எனக்குத் தொப்பி பின்னித் தருவதென்றும், பதிலுக்கு நான் பழைய மண்ணிறக் கம்பளியில் அவருக்குக் குருசோவின் சட்டையைத் தைத்துக் கொடுப்பதென்றும் பேசி முடித்திருக்கிறோம். ரொறன்ரோ அண்ணை கழுத்து, மார்பு, கை நீளம் எல்லாம் அனுப்பிவிட்டார். முதுகு அளவைக் கேட்டால், "அது ஏன் தங்கச்சி, எனக்கு அண்டைக்குத் தடிமனெல்லோ" என்கிறார். ஓகஸ்ட் மாதத்தில், அரிப்புக் கடற்கரையில், யாருக்கு அண்ணை தடிமன் வரும் என்று அக்கா கேட்டிருக்கிறார். நீலக் குறி விழுந்துவிட்டது, பதிலைத்தான் காணவில்லை.