வாடைக்குத் திறந்த தாழ்வாரம்

புதுச்சேரியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் பணியாற்றிய நாட்களில், கடலூருக்கு அருகே 1,200 பேர் படிக்கும் அளவிலான மேல்நிலைப் பள்ளி ஒன்றின் வரைபடப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் நான் அதிகம் கவலைப்பட்டது வெயிலைப் பற்றித்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நின்றாலும், உச்சியிலிருந்து 12 பாகைகூடச் சாய்வதில்லை. டிசம்பரிலோ தெற்கே 35 பாகை சாய்ந்து வகுப்பறைக்குள் எட்டிப்பார்க்கும். ஆகவே கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளவிட்டு, தெற்குச் சன்னல்களுக்கு ஆழமான சன்ஷேடும் வடக்கே 2.4 மீட்டர் அகலத் தாழ்வாரமும் கொடுத்தேன்.

இந்த அமைப்புக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கிய புதுச்சேரி கோல்கொண்டே விடுதியில் அறைகள் தெற்கிலும் நடைவழி வடக்கிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே இரு பக்கமும் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாக, திருப்பி மூடக்கூடிய கிடைப்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் கைபட்டால் ஒரு வருடம் தாங்காது என்று பலகைகளை விட்டுவிட்டு, நடைவழியை மட்டும் எடுத்துக்கொண்டேன். செலவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பள்ளி திறந்த முதல் ஐப்பசியில் தலைமையாசிரியர் அழைத்தார். நான் போனபோது மழை விட்டிருந்தது. ஆயாம்மா ஒருவர் தென்னந்துடைப்பத்தால் தாழ்வாரத்துத் தண்ணீரைத் தூம்பை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் நனைந்த சாக்கு மடித்துப் போடப்பட்டிருந்தது. சுவரில் ஏறக்குறைய என் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு. உடன் வந்த மேஸ்திரி, "வாடைக்கு நேரா வாயத் திறந்து வெச்சிருக்கோமே சார்," என்றார். 'வெச்சிருக்கீங்களே' என்று சொல்லாமல் தன்னையும் சேர்த்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தரையிலிருந்து மேல்தளத்தின் அடிமட்டம் 3.3 மீட்டர்; கைப்பிடிச் சுவர் 1 மீட்டர். வடகிழக்குப் பருவக்காற்றோடு 45 பாகை சாய்ந்து வரும் சாரல் மேல்விளிம்பில் நுழைந்தாலும், 2.4 மீட்டர் கடந்து எதிர்ச் சுவரை 90 சென்டிமீட்டர் உயரத்தில் தொட்டுவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். சூரியனுக்கு மாதவாரியாகக் கோணம் பார்த்தவன், இந்தக் கரைக்குப் பெருமழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வரைபடத்தில் ஓர் அம்புக்குறியாகக்கூடப் போட்டிருக்கவில்லை.

கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்று நிர்வாகம் சொன்னது. நான் மறுத்தேன். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு, ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான பேர் வெளியேறும் வழியைப் புகை தேங்கும் குழாயாக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. தென்கிழக்கிலிருந்து பிற்பகலில் வரும் கடற்காற்றுக்கும் வடக்கே வெளியேற வழி வேண்டும். கடைசியில் கைப்பிடிச் சுவருக்கு மேலே செங்கல் ஜாலி, அதாவது காற்றுப் புகும் துளைகள் விட்ட சுவர், கட்டினோம். துளைகள் வெளிப்பக்கம் சரிந்திருக்குமாறு ஒவ்வொரு கல்லையும் மேஸ்திரி ஒரு விரற்கடை சாய்த்து வைத்தார். தரைக்கு வெளிநோக்கி 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, தூம்புகளையும் இரட்டிப்பாக்கினோம். தாழ்வாரத்தில் வெளிச்சம் சற்றே குறைந்தது. அந்தக் குறையை இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பார்த்தேன். ஜாலியை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தரை நனைந்திருந்தது. படிக்கட்டுக்காக ஜாலியை நிறுத்திய இடத்தில், கடைசி வகுப்பறை வாசலில் மட்டும் ஆயாம்மா இன்னும் ஒரு சாக்கு போட்டு வைத்திருந்தார்.